சேவல் இடாத முட்டை

முட்டை இன்னும் சூடாக இருந்தது. தூறலில் நனைந்த கையோடு அதை வாங்கித் திருப்பிப் பார்ப்பதற்குள் என் கட்டைவிரலில் செம்பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. விரல் பட்ட இடத்தில் முட்டை ஒரு கீற்றாக வெளுத்திருந்தது.

சட்டென்று நம் ஊர்க் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. பண்ணை வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்து, நாட்டுக்கோழி முட்டை என்று விற்றவர்கள் மாட்டிக்கொண்ட செய்தி அவ்வப்போது வரும். அதைப் படித்த நாளிலிருந்து சந்தையில் முட்டை வாங்கினால் விரலை நனைத்து ஒரு தேய் தேய்த்துப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. கடல் கடந்து வந்து கடைசியில் அந்தச் சோதனையில் தோற்ற முட்டையையா கையில் வாங்கியிருக்கிறேன்?

என் முகத்தைப் பார்த்துப் பண்ணைக்கார மதாம் சிரித்தார். சித்தப்பாவிடம் நீளமாக ஏதோ சொன்னார். சித்தப்பா அதை இரண்டே வாக்கியமாக்கினார்.

"சாயந்தான் தம்பி. ஆனா கோழியே போட்ட சாயமாம்."

சித்தப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வீடு கட்டாத சொல்தாக்களில் அவரும் ஒருவர். சித்தியோடு லா ரொஷேலிலேயே தங்கிவிட்டார். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய 3 மணி நேரத்தில் அட்லாண்டிக் கரையில் இருக்கும் அந்தத் துறைமுகத்துக்கு வந்துவிடலாம். பழைய துறைமுக வாசலில் இரண்டு கற்கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே சங்கிலி போட்டுக் கப்பல்களை மறிப்பார்களாம். எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் வந்தது கோழிக்காக. வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருக்கிறவன் நான். முட்டை ஓடு புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர், "இதுக்காகவா டிக்கெட் போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

லா ரொஷேலிலிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டருக்குள் மரான். அந்த ஊர்ப் பெயர்தான் கோழிக்கும். சித்தப்பாவின் பழைய ரெனோ காரில் போனோம். ஏப்ரல் மாதம். வழியெங்கும் தட்டையான நிலம். கடுகு இனத்துப் பயிர் ஒன்று கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளில் பூத்திருந்தது. சாலைக்குப் பக்கத்திலேயே வாய்க்கால், அதைத் தாண்டினால் இன்னொரு வாய்க்கால். காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகத் தெரியாது, குளிரைத் தவிர.

இது கடலிடமிருந்து பிடுங்கிய மண். ஒரு காலத்தில் இங்கே வளைகுடாவே இருந்தது. ஆற்று வண்டல் படிந்து சதுப்பானது. 1217இல் ஐந்து மடங்களைச் சேர்ந்த துறவிகள் கூடி ஒரு கால்வாய் வெட்டினார்கள். இன்றும் அதன் பெயர் ஐந்து மடக் கால்வாய்தான். பிறகு 1599இல் நான்காம் ஹென்றி அரசர், நெதர்லாந்து முறையில் கரைகட்டத் தெரிந்த ஹம்ப்ரி பிராட்லி என்பவரை அணைக்கட்டுகளுக்கு அதிகாரியாக நியமித்தார். நீர் வடிந்த நிலத்தில் கோதுமை விளைந்தது. கோதுமையை ஏற்றிச்செல்லக் கப்பல்கள் செவ்ர் நியோர்தேஸ் ஆற்று வழியே மரான் வரை வந்தன.

கோழிக் கதையும் இந்தக் கப்பல்களிலிருந்துதான் தொடங்குகிறது. மாலுமிகள் பொழுதுபோக்குக்குச் சண்டைச் சேவல்களைக் கூடவே கொண்டுவருவார்களாம். துறைமுகத்தில் இறங்கியதும் தோற்றதையும் கிழடானதையும் கொடுத்துவிட்டு, கறிக்கு உள்ளூர்க் கோழிகளை வாங்கிக்கொண்டு போவார்களாம். அந்தச் சேவல்கள் சதுப்பு நிலத்துப் பெட்டைகளோடு சேர்ந்தன. இதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் தன் தாத்தா கண்ணால் பார்த்தது போலச் சொல்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய மூதாதை லாங்ஷான். சீனாவில் யாங்சி ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓநாய் மலை என்று பொருள்படும் ஊர்ப்பக்கத்துக் கோழி அது. 1872இல் மேஜர் குரோட் என்ற ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். கறுப்பு இறகு, காலில் ரோமம், பழுப்பு முட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது இந்தப் பக்கமும் வந்து கலந்தது. மரான் கோழியின் காலில் இன்றைக்கும் இருக்கும் மெல்லிய இறகு அந்தச் சீனப் பாட்டி விட்டுப்போனது.

மரான் ஊர் கொஞ்சம் ஏமாற்றம்தான். தானியக் கப்பல் நின்ற துறையில் இப்போது வெள்ளைப் பாய்மரப் படகுகள் சும்மா கட்டிக்கிடக்கின்றன. ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினோம். மதாமின் பண்ணை ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில்.

வாசலிலேயே நிறுத்திவிட்டார். காலுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் உறை, கைக்கு மருந்து. பறவைக் காய்ச்சல் வந்த ஆண்டுகளில் பிரான்சில் கோடிக்கணக்கில் கோழியும் வாத்தும் அழிந்தன. வெளியாளை உள்ளே விடுவதே பெரிய விஷயம். எங்கள் பாட்டி அடையில் உட்கார்ந்த கோழி பக்கம் அயலார் யாரையும் விடமாட்டாள். கண்பட்டால் கூமுட்டை ஆகிவிடும் என்பாள். காரணம் வேறு, கதவு ஒன்றுதான்.

மதாமுக்கு எழுபது வயதிருக்கும். குள்ளம். ரப்பர் பூட்ஸ், கம்பளிச் சட்டை, பையில் பென்சில். பேச்சில் கொஞ்சம் முரட்டுத்தனம். "ஒண்ணரை மாசம் லேட்டா வந்திருக்கியாம்" என்றார் சித்தப்பா. "பிப்ரவரியில வந்திருந்தா இதைவிடக் கறுப்பா பார்த்திருப்பியாம்."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஒன்பது முட்டைகள் வரிசையாக அச்சடித்திருந்தன. ஒன்றாம் எண் வெள்ளை, ஒன்பதாம் எண் ஏறக்குறையக் கறுப்பு. மரான் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் அளவுகோல். நான்காம் எண்ணுக்குக் கீழே போனால் அது மரான் முட்டை இல்லை. அதை இட்ட கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நான் என் வசதிக்கு அந்த அட்டையைத் தமிழாக்கிக்கொண்டேன். இரண்டு, நம் நாட்டுக்கோழி முட்டை. நான்கு, பால் சேர்த்த காப்பி. ஆறு, புது மண்சட்டி. எட்டு, நன்கு தேய்ந்து பளபளக்கும் புளியங்கொட்டை. ஒன்பதை நான் பார்க்கவில்லை. மதாமே வாழ்நாளில் சிலவற்றைத்தான் பார்த்திருக்கிறாராம். என் கையில் இருந்தது ஏழு. விரலால் தேய்த்த இடத்தில் ஐந்து.

இந்தச் சாயம் எங்கிருந்து வருகிறது? மண்ணா, சதுப்புத் தண்ணீரா, தீவனமா என்று கேட்டேன். மதாம் கையை ஆட்டி மறுத்தார். தீவனம் மஞ்சள் கருவை மாற்றும், ஓட்டை மாற்றாது. மற்றதை அவர் சொன்னதும் நான் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன். கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாகி வெளிவர ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. அதில் 20 மணி நேரம் போல ஓடு கட்டவே போய்விடும். மரானின் ஓடும் மற்ற ஓடுகளைப் போல வெள்ளைச் சுண்ணாம்புதான். உடைத்து உட்புறத்தைப் பார்த்தால் வெளுப்பாக இருக்கும். ஓடு முடிந்து, இடுவதற்கு முந்தைய கடைசிச் சில மணி நேரத்தில்தான் கருப்பையின் சுவரிலிருந்து புரோட்டோபார்ஃபைரின் என்ற நிறமி ஓட்டின் வெளிப்பூச்சில் இறங்குகிறது. நம் ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஹீம் எந்தப் பொருளிலிருந்து உண்டாகிறதோ அதே பொருள். மேலே பூசியது என்பதால்தான் ஈரக் கை பட்டால் வருகிறது. கூட்டில் கோழியின் நகம் பட்டால் கீறல் விழுகிறது.

கடைசி நேரத்து வேலை என்பதால் எளிதில் கெடவும் கெடும். அந்த நேரத்தில் நாயோ பருந்தோ கோழியை மிரட்டினால் அன்றைய முட்டை வெளிறிப்போகும். நோய் வந்தாலும் அப்படியே. நிகார்பசின் என்று ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கும் ஒரு மருந்து உண்டு. அது தீவனத்தில் கலந்துவிட்டால் பழுப்பு முட்டையிடும் கோழி சில நாட்களில் வெள்ளை முட்டையிடத் தொடங்கிவிடும். மருந்தை நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். இதெல்லாம் ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்கும் கோழிக்கும் பருவத்தின் முதல் முட்டைகள்தான் கருஞ்சிவப்பு. பொங்கலுக்கு வீட்டுக்குக் காவி பூசுகிறவர் தெருவாசலில் கெட்டியாகத் தொடங்கிக் கொல்லைப்புறம் வரும்போது தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றுவார் இல்லையா, அப்படித்தான் இதுவும். வாரங்கள் போகப்போக வெளிறும். இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து ஓய்வெடுத்து மறுபடி தொடங்கும்போது மறுபடி கெட்டிப்பூச்சு. அதிகம் இடுகிற கோழியின் முட்டை வெளிறியிருக்கும் என்பதும் வளர்ப்பவர்களின் நெடுநாள் அனுபவம். பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை தாண்டும்போது மரான் 200ஐ எட்டினாலே பெரிது. நிறமும் வேண்டும் எண்ணிக்கையும் வேண்டும் என்றால் கோழி என்ன செய்யும்?

மழை நின்றதும் மதாம் கோழிகளைத் திறந்துவிட்டார். அதுவரை முட்டை என்று வந்தவன் நான். அந்தச் சேவல்களைப் பார்த்ததும் முட்டை மறந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் கறுப்புச் செம்பு என்று சொல்லும் வகை. உடல் முழுக்கக் கறுப்பு; வெயிலில் வண்டின் முதுகு போலப் பச்சை மின்னும் கறுப்பு. தலையிலிருந்து கழுத்து வழியாகத் தோளுக்கு விளக்கி வைத்த செம்புக்குடத்தின் நிறம் வழிகிறது. முதுகின் பின்பகுதியில் அதே செம்பு மறுபடி. மார்பில் கறுப்பின் மேல் செம்புப் பொட்டுகள், அங்கொன்றும் இங்கொன்றும். நெருப்புக் கண். ஒற்றைக் கொண்டை. எங்கள் பக்கத்துச் சேவல்கட்டுக்காரர்கள் இறகைப் பார்த்துக் காகம், கீரி, மயில், வல்லூறு என்று பெயர் வைப்பார்கள். இது காகம் என்றார் சித்தப்பா. கீரியில்தான் சேர்க்க வேண்டும் என்றேன் நான். இரண்டு பேரும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டதை மதாம் சந்தேகத்தோடு பார்த்தார்.

அழகு என்று நாம் வாயைத் திறப்பதற்குள் அவர் குற்றப்பத்திரிகை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இதன் மார்பில் செம்பு அதிகம். அதோ அதன் மார்பில் செம்பே இல்லை, கண்ணும் கறுத்துவிட்டது. கறுப்பு மிஞ்சினால் அப்படித்தான் ஆகும். கழுத்துச் செம்பும் குறைந்துவிடும். இதன் செம்பு வைக்கோல் மஞ்சளாகப் போய்விட்டது. காலில் இறகு வெளிப்பக்கமும் கடைசி விரலிலும் மட்டும் இருக்க வேண்டும். நடுவிரலில் முளைத்தால் போட்டியிலிருந்து நீக்கம். கால் மஞ்சளாக இருக்கக் கூடாது, ஏனென்றால் பிரெஞ்சுச் சமையல்காரருக்கு வெள்ளைத் தோல் கோழிதான் வேண்டும். நான் நல்லதென்று காட்டிய ஐந்து சேவல்களில் நான்கை அவர் குழம்புக்கு அனுப்பிவிட்டார்.

வேறு நிறங்களும் இருந்தன. சாம்பலில் கருவரி ஓடும் குயில் வகை. குயில் என்பது நெஞ்சில் வரியோடும் ஐரோப்பியக் குக்குவைப் பார்த்து வைத்த பெயர். அந்த வரி பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் சேவலுக்கு இரட்டிப்பாகவும் பெட்டைக்கு ஒற்றையாகவும் கிடைக்கும். சேவல் வெளிறியும் பெட்டை கறுத்தும் இருக்கும். கோதுமை வகைப் பெட்டை உண்மையிலேயே முற்றிய கோதுமை நிறம். நீலம் ஒன்று உண்டு. அது பிடிவாதக்கார நிறம். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் பாதிக் குஞ்சுதான் நீலம். கால்வாசி கறுப்பு, கால்வாசி அழுக்கு வெள்ளையில் மை தெறித்தது போல. எத்தனை தலைமுறை ஆனாலும் கணக்கு மாறாது.

கொட்டகையின் பின்பக்கம் தனியாக ஒரு கம்பிக்கூண்டு. அதில் ஒரு சேவல், நான்கு பெட்டைகள். இவ்வளவு நேரம் குற்றம் கேட்டுப் பழகிய எனக்கே அந்தச் சேவலில் மூன்று குற்றம் தெரிந்தது. கொண்டையின் ஓரத்தில் கிளைவிட்டு ஒரு முளை. வாலில் ஒரு வெள்ளை இறகு. மார்பில் செம்பென்று ஒரு பொட்டும் இல்லை. இது குழம்புக்கா என்று சைகையில் கேட்டேன்.

மதாமுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சேவலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் நோத்தேர். நம் ஊரில் பத்திர எழுத்தர் என்று சொல்லலாம். எப்போதும் கறுப்புக் கோட்டில் இருப்பதால் அந்தப் பெயராம்.

பிறகு அவர் சொன்ன கதையைச் சித்தப்பா இந்த முறை சுருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் மதாமிடம் ஒரு சேவல் இருந்தது. செம்பு, கறுப்பு, கண், கால் எல்லாம் எழுதிவைத்தது போல. கண்காட்சியில் முதல் பரிசு. மதாம் மகிழ்ச்சியில் அந்த வருடம் இருந்த பெட்டைகள் அத்தனைக்கும் அதையே விட்டார். மார்ச்சில் பொரித்த குஞ்சுகள் இலையுதிர் காலத்தில் முட்டைக்கு வந்தன. முதல் முட்டையை எடுத்து அட்டையில் வைத்துப் பார்த்தார். நான்கு. அடுத்த விடைக்கோழி, மூன்று. அதற்கு அடுத்தது, நான்கு. பருவத்தின் முதல் முட்டையே இப்படி என்றால் மே மாதத்தில் என்ன ஆகும்?

"அந்தச் சேவல் எந்த முட்டையில் பொரிச்சதுன்னு எழுதி வைக்கலியாம்" என்றார் சித்தப்பா. "இறகைப் பார்த்து மயங்கிட்டேங்கறாங்க."

சேவல் முட்டையிடாது. இந்த ஊரில் இது அசட்டுத்தனமான வாக்கியம் இல்லை. தொழிலின் முழுக் கஷ்டமும் அதில் இருக்கிறது. முட்டையின் கருமையை ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதில் பாதி சேவல் வழியாக வருகிறது. ஆனால் சேவலைப் பிடித்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. அது எந்த நிறத்து முட்டையில் பொரிந்தது என்று தெரிந்தால் ஒரு ஊகம் செய்யலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் மகள்கள் வளர்ந்து முட்டைக்கு வர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் பரிசுச் சேவலின் ரத்தம் கூட்டம் முழுக்கப் பரவியிருக்கும். கண்காட்சியில் முட்டைக்கும் போட்டி உண்டு. தட்டில் வைத்து மதிப்பெண் போடுவார்கள். ஆனால் தட்டு ஒரு மேசையில், கூண்டு வேறொரு மேசையில். கூண்டுக்கு முன்னால்தான் கூட்டம்.

போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர மதாமுக்கு ஐந்து வருடம் பிடித்ததாம். அதைக் கொண்டுவந்தவன் இந்த நோத்தேரின் தாத்தா. ஒரு நண்பர் பண்ணையிலிருந்து, யாரும் வாங்காமல் கிடந்த சேவல். நோத்தேரின் மகள்கள் ஏழுக்குக் குறைந்து இடுவதில்லை. இப்போது அவன் மகன்களை நல்ல இறகுப் பெட்டைகளோடு சேர்த்துக் கொண்டையையும் வாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வருகிறார். இறகு கண்ணுக்குத் தெரியும், அதனால் இரண்டு மூன்று தலைமுறையில் சரிசெய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. முட்டை அப்படியில்லை.

பென்சில் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு முட்டையிலும் இட்ட கோழியின் வளைய எண், அட்டை எண், தேதி. ஆறுக்குக் கீழே இருப்பது சந்தைக்கு. அடைவைப்பது அதற்கு மேல் இருப்பவைதான். அடைக்குப் போனபின்னும் நிம்மதி கிடையாது. பாட்டி முட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் கருப் பிடித்திருக்கிறதா என்று ஏழாம் நாளே சொல்லிவிடுவாள். இந்த முட்டையில் வெளிச்சம் நுழையாது. மதாம் இருட்டறையில் ஒரு முட்டையின் அடியில் டார்ச்சை வைத்துக் காட்டினார். கரும்பாறைக்குப் பின்னால் விளக்கு வைத்தது போல இருந்தது. உள்ளே உயிரா, கூழா என்பது பல நேரம் 21ஆம் நாள் கொத்துகிற சத்தத்தில்தான் தெரியும்.

மரான் வளர்ப்பவர்கள் பிரான்சில் சங்கமாகக் கூடியது 1929இல். இறகு எப்படி, முட்டை எப்படி என்ற இலக்கணம் 1931இல் வந்தது. ஏறக்குறைய அதே சமயம் இங்கிலாந்தின் கிரீன்வே பிரபு இந்தக் கோழியில் மயங்கித் தன் பண்ணைக்குக் கொண்டுபோனார். அங்கே போன மரான் வேறு பிறவி எடுத்தது. ஆங்கிலேயர் குயில் வரியைப் பிடித்துக்கொண்டார்கள். காலில் இறகு வேண்டாம், சேற்றில் அழுக்காகும் என்று கழித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கால் இறகை விடவில்லை, இங்கே சேறு அதைவிட அதிகம் இருந்தும். மதாமிடம் ஆங்கில மரானைப் பற்றிக் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் சித்தப்பாவுக்கு இருக்கவில்லை. அமெரிக்கச் சங்கம் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டது 2011இல்தான், அதுவும் கால் இறகோடு. மதாம் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு வெற்றி.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. தென்னமெரிக்க வழிவந்த சில கோழிகள் நீல முட்டையிடும். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு வைரஸ் தன் துணுக்கைக் கோழியின் மரபணுவுக்குள் செருகிவிட்டுப் போனதன் விளைவு அது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்த நீலம் மேற்பூச்சு இல்லை. ஓடு முழுக்க ஊறியது. அந்தக் கோழியோடு மரானைச் சேர்த்தால் நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்து ஆலிவ் பச்சை முட்டை வரும். ஒரே கூடையில் பச்சை, நீலம், சாக்லேட் என்று அடுக்கிப் படம் போடுவதுதான் இப்போது நாகரிகம். எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது. மதாமுக்கு அது கலப்படம்.

சுவை? ஜேம்ஸ் பாண்ட் மரான் முட்டைக்காரர் என்பதை அங்கே எல்லோரும் நினைவுபடுத்துகிறார்கள். இயன் ஃபிளெமிங் எழுதி 1957இல் வெளிவந்த நாவலில் பாண்டின் காலை உணவு ஒரு பழுப்பு மரான் முட்டை, மூன்றே கால் நிமிடத்தைச் சற்றுத் தாண்டி வேகவைத்தது. வெள்ளை முட்டை அவருக்கு ஆகாது. மதாமிடம் சுவையில் வித்தியாசம் உண்டா என்று கேட்டேன். முட்டை புதிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எல்லா முட்டைக்கும் அதுதானே என்றேன். ஆமாம் என்றார். இவ்வளவு பாடுபட்டு வளர்க்கும் ஒருவர் பொய் சொல்லாமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது ஆறு முட்டை கொடுத்தார். காசு வாங்கவில்லை. எல்லாம் ஏழு, ஒன்று மட்டும் எட்டு. நோத்தேரின் மகள் இட்டது. அட்டை ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சித்தப்பா வேகத்தடைகளில் குழந்தை தூங்குகிற காரை ஓட்டுவது போல ஓட்டினார்.

வீட்டில் சித்தி கதவைத் திறந்தார். பெட்டியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, படமெடுக்க நல்ல வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தால் தண்ணீர் ஓடும் சத்தம். ஆறு முட்டையும் ஒரு பாத்திரத்தில். சித்தி கையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்.

"என்னடா இது, இவ்வளவு அழுக்கா குடுத்திருக்காங்க. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிச்சுப்போச்சு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். தண்ணீர் லேசாகக் காப்பி நிறத்தில் இருந்தது. முட்டைகள் திட்டுத்திட்டாக, வெள்ளையடித்த பழைய சுவர் காரை பெயர்ந்தது போல நின்றன. அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டாம் எண் முட்டை எது என்றே தெரியவில்லை. ஒன்றில் மட்டும் மதாமின் பென்சில் எண்ணில் பாதி மிச்சமிருந்தது.

"குழம்புக்குத்தானே?" என்றார் சித்தி.

வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.